சங்கிலி வட்டம்

காசண்ட் விரிகுடாவில்
ஆறு மீட்டர் ஆழத்தில்
செக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
மாடும் இல்லை, எண்ணெயும் இல்லை.
மேலே கட்டிய படகு
காற்றோடு திரும்பத் திரும்ப
கீழே அதன் சங்கிலி
தரையைத் தேய்த்துக்கொண்டே சுற்றுகிறது.
சுற்றிலும் முழங்கால் உயரக் கடற்புல்,
நடுவில் வழுக்கை.
நாற்பத்தொரு படகு, நாற்பத்தொரு வழுக்கை.
சென்டிமீட்டர் சுத்தமாக அளந்து வைத்திருக்கிறேன்.

விசா படிவத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு
ஒரு பட்டியல் விரிந்தது.
என் வேலை அதில் இல்லை.
'இதர' என்று தட்டினேன்.
இசக்கியம்மாள், முப்பத்து நான்கு, இதர.

இங்கே எல்லோருக்கும் நான் இஸ்ஸி.
எல்லை காக்கும் உக்கிரக்காரியின் பெயரை
நாய்க்குட்டியை அழைப்பதுபோல் அழைக்கிறார்கள்.
திரும்பிப் பார்க்கிறேன், வேறென்ன செய்ய.

வந்த மார்ச்சில் விதைத்தோம்.
சணல் பையில் மணல், மணலுக்குள் விதை,
பைக்கு ஐம்பது, ஆக எண்பதாயிரம்.
பள்ளிப் பிள்ளைகள் வந்து முடிச்சுப் போட்டார்கள்.
உள்ளூர்த் தொலைக்காட்சி வந்தது.
நண்டும் வந்தது.
மே மாதம் சட்டம் வைத்து எண்ணினால்
சதுர மீட்டருக்கு அரைத் தண்டு.
அரைத் தண்டு என்று ஒன்று முளைக்காது;
இரண்டு சட்டத்துக்கு ஒன்று என்று அர்த்தம்.
"ஊக்கமளிக்கும் தொடக்கம்" என்று
அறிக்கையில் எழுதச் சொன்னார் ஃபிலிப்பா.
முன்னால் "நண்டுகளுக்கு" என்று சேர்த்தேன்.
அடித்துவிட்டார்.

விதைப்பதை விடு, தேய்ப்பதை நிறுத்து.
சங்கிலிக்குப் பதில் இழுத்தால் நீளும் கயிறு,
அதன் இடுப்பில் ஒரு மிதவை, தரையில் படாது.
இவ்வளவுதான்.
இதை டென்சில் ட்ரெமெய்னிடம் சொல்லி முடிக்க
மூன்று மாதம் ஆயிற்று.

"இந்தச் சங்கிலி என் அப்பா இறக்கியது.
உன் ரப்பர் பேண்டை நம்பிப் படகை விடணுமா?
புல்லுக்காக?"
புல்லில்தான் கணவாய் முட்டையிடும் என்றேன்,
கறுப்புத் திராட்சைக் குலை மாதிரி.
கணவாய் விற்ற காசில்தான்
போன வருடம் படகுக்குப் பெயின்ட் என்றார்.
பிறகு நெடுநேரம் பேசவில்லை.
யோசிக்கிறார் என்று தெரியக் கூடாதாம்,
வாளியைக் கழுவினார்.
சுத்தமான வாளி.

செப்டம்பரில் மாற்றினோம், அவருடையதை மட்டும்.
ஜனவரியில் கிழக்குக் காற்று.
இந்த விரிகுடாவுக்கு அதுதான் எமன்.
அதிகாலை மூன்றரைக்குப் போன் அடித்தது.
முதலில் ஒரு கெட்ட வார்த்தை,
அப்புறம் காற்றிரைச்சல்,
அப்புறம்
"இன்னும் அங்கேயேதான் நிற்கிறது."
வைத்துவிட்டார்.
வெந்நீர் வைத்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வேர்த்தண்டு படுக்கைவாட்டில் நகரும்,
வருடத்துக்கு ஒரு சாண்.
என் ஒப்பந்தம் பதினெட்டு மாதம்,
அதாவது ஒன்றரைச் சாண்.
டென்சிலின் வழுக்கை மூட இருபத்திரண்டு வருடம்.
அவருக்கு அப்போது தொண்ணூற்று மூன்று,
எனக்கு ஐம்பத்தாறு.
கணவாய்களுக்கு வயதைக் கேட்டுப் பயனில்லை,
இரண்டு வருடத்தில் செத்துப்போகும்.

ஜூனில் கடைசி முக்குளிப்பு.
அடுத்த திங்கள் ஹல் நகரத்தில் வேலை,
காற்றாலைக் கேபிள் போகும் தடத்தில்
தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
இன்னும் நாற்பது செக்கு சுற்றுகிறது.
யார் வருவார்கள் என்று ஃபிலிப்பாவுக்கும் தெரியாது.

விளிம்பைத் தாண்டி உள்ளே சட்டத்தை வைத்தேன்.
போன வருடம் இதே இடத்தில் பூஜ்யம்.
விரல் மரத்த கையுறையால் ஒவ்வொன்றாக விலக்கி
எண்ணினேன், பதினொன்று.
மறுபடி எண்ணினேன், பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டாவது
வேர் பிடித்து நிற்கிறதா,
எங்கிருந்தோ அறுந்து வந்து சிக்கியிருக்கிறதா?
இழுத்துப் பார்த்தால் தெரியும்.

இழுக்கவில்லை.
பலகையில் பென்சிலால் எழுதினேன்:
பதினொன்று,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.